பாதித் தங்கமா?

போன மாதம் எங்கள் பேட்டை மூத்த குடிமக்கள் மன்றத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தினோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்திலிருந்து ஒரு முப்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு கேள்வி, இந்தியா ஹாக்கியில் கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வாங்கியது எப்போது என்பது. ஒரு சிறுமி எழுந்து சட்டென்று “1980, மாஸ்கோ” என்றாள். சரியான விடை. ஆனால் பரிசு கொடுக்க வந்திருந்த பிரமுகர் மைக்கை வாங்கி, “விடை சரிதான் பாப்பா. ஆனா அது கணக்குல வராத தங்கம். பெரிய டீம் ஒண்ணுமே வரலை. பாதித் தங்கம்னு சொல்லலாம். நெஜமான கடைசித் தங்கம் 1964 டோக்கியோதான்” என்றார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்து, “அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றேன். “சார், நேரமாகுது, உட்காருங்க” என்று செயலாளர் என் தோளைத் தொட்டார். உட்கார்ந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. இந்தப் ‘பாதித் தங்கம்’ என்ற வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். 1980 ஜூலை 30, புதன்கிழமை காலை, அலுவலக கேன்டீனில். முந்தின நாள்தான் மாஸ்கோவில் ஸ்பெயினை 4–3 என்று ஜெயித்திருந்தார்கள். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, “பாகிஸ்தான் இல்லை, மேற்கு ஜெர்மனி இல்லை, ஹாலந்து இல்லை, ஆஸ்திரேலியா இல்லை. இதுல என்ன தங்கம், பாதித் தங்கம்” என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். எதிரே எங்கள் செக்ஷனில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்திருந்த ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டிக்காரர். அலுவலக அணியில் ஃபுல் பேக். மூன்று மணிக்கு மேல் அவர் நாற்காலி காலியாகத்தான் இருக்கும், பிராக்டிஸுக்குப் போய்விடுவார். அவருடைய கோப்புகளையும் சேர்த்து நாங்கள் பார்க்கிறோமே என்ற எரிச்சல் எங்கள் எல்லாருக்கும் உண்டு. அந்த எரிச்சலும் என் வார்த்தையில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, போன வருசம் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினீயள்லா?”

“ஆமா.”

“எத்தனை பேர் மனுப் போட்டாங்க?”

“நாப்பது பேர் இருக்கும்.”

“எத்தனை பேர் வந்து எழுதினாங்க?”

“பதினெட்டு பேர்.”

“அப்ப உங்களுக்கு வந்தது பாதிப் பிரமோசனா அண்ணாச்சி? சம்பளம் முழுசா வாங்குதீயளே?”

கேன்டீன் மொத்தமும் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் இல்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் பதில் இல்லை. வராதவன் வராதது வந்தவன் குற்றமா?

இனி கணக்கைப் பார்ப்போம். கிளார்க்காக இருந்தவன், கணக்கில்லாமல் பேச எனக்குப் பழக்கமில்லை.

ஆட வந்த அணிகளை எண்ணித்தான் தங்கத்தை எடை போட வேண்டுமென்றால் 1932 லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஹாக்கியில் கலந்துகொண்டவை மொத்தம் மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. நாம் ஜப்பானை 11–1, அமெரிக்காவை 24–1 என்று அடித்தோம். இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது! அந்த அணியில் தியான் சந்த் இருந்தார். அதை யாராவது ‘கால் தங்கம்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த 24–1 ஸ்கோரை நாம் தலைமுறை தலைமுறையாக மார்தட்டிக்கொண்டு சொல்கிறோம். 1920-இல் தங்கம் வாங்கிய பிரிட்டன் 1928, 1932, 1936 மூன்று ஒலிம்பிக்கிலும் ஹாக்கிக்கு வரவே இல்லை. அப்படியானால் அந்த மூன்றும் எவ்வளவு தங்கம்? 1956 மெல்போர்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரி விவகாரத்துக்காக ஹாலந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து மூன்றும் புறக்கணித்தன. 1952 ஹெல்சிங்கியில் இறுதி ஆட்டத்தில் நம்மோடு மோதி வெள்ளி வாங்கியது இதே ஹாலந்துதான். முந்தின வெள்ளிக்காரனே வராத மெல்போர்ன் தங்கம் முழுசு, மாஸ்கோ தங்கம் மட்டும் பாதியா? இந்தத் தராசு எந்தக் கடையில் வாங்கியது?

அடுத்த ஒலிம்பிக்கையும் பாருங்கள். 1984-இல் சோவியத் யூனியனும் அதன் கூட்டாளிகளும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகவில்லை. மாஸ்கோவில் ஹாக்கி வெண்கலம் வாங்கியது சோவியத் அணி. அது இல்லாத போட்டியில் பாகிஸ்தான் தங்கம் வாங்கியது. லாகூரில் எவனாவது அதைப் பாதி என்கிறானா? அதே ஒலிம்பிக்கில் கார்ல் லூயிஸ் நான்கு தங்கம் வாங்கினார். அமெரிக்காவில் அவரிடம் போய் இரண்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கும் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. மாஸ்கோவுக்கு பிரான்ஸும் போனது. தேசியக் கொடி பிடிக்காமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஆடினார்கள். ஜூடோவில் தியெரி ரே, அஞ்ஜெலோ பாரிசி இருவரும் தங்கம் வாங்கினார்கள். ஜூடோவைக் கண்டுபிடித்த ஜப்பான் அந்த முறை வரவில்லை! ஜூடோவில் ஜப்பான் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பிரெஞ்சு மொழியில் ‘பாதித் தங்கம்’ என்று அவர்களைப் பற்றி நான் ஒரு வரி படித்ததில்லை. 100 மீட்டரில் அமெரிக்கர்கள் இல்லாமல் ஜெயித்த ஆலன் வெல்ஸையும், 1500 மீட்டரில் ஜெயித்த செபாஸ்டியன் கோவையும் பிரிட்டன் கொண்டாடுகிறது. கோவுக்கு பிரபு பட்டமே கிடைத்தது. தன் வீட்டுத் தங்கத்தைத் தானே உரசிப் பார்த்துப் பாதி என்று சொல்லும் புத்தி நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

“சரி, பாகிஸ்தான் வந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா?” என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஜெயித்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. தோற்றிருக்கலாம். 1982 டிசம்பர் 1-ஆம் தேதி டில்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் அதே பாகிஸ்தானிடம் 1–7 என்று தோற்றோம். எனக்கும் அது மறக்கவில்லை. அதைக் காட்டித்தான் மாஸ்கோவை மட்டம் தட்டுகிறார்கள். ஆனால் அது இரண்டு வருஷம் கழித்து, வேறு கேப்டனின் கீழ் ஆடிய ஆட்டம். 1982-இன் பற்றை 1980-இன் கணக்கில் எழுத எந்த ஆடிட்டரும் விடமாட்டான்.

இப்போது மாஸ்கோவில் நடந்ததைச் சொல்கிறேன். ஏனென்றால் பாதி என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கே என்ன நடந்தது என்றே தெரியாது.

ஆறு அணிகள். தான்சானியாவை 18–0, கியூபாவை 13–0. இவை இரண்டும் சுலபம்தான், மறுக்கவில்லை. போலந்தோடு 2–2, ஸ்பெயினோடு 2–2. சோவியத் யூனியனை அதன் தலைநகரிலேயே 4–2. பிறகு மறுபடி ஸ்பெயின், இறுதி ஆட்டம். ஸ்பெயின் ஏதோ வழிப்போக்கன் அணி இல்லை. 1971-இல் நடந்த முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் ஒரே கோலில் தோற்ற அணி அது. 1974-இல் ஐரோப்பிய சாம்பியன்.

நம் அணியில் 16 பேர். இவர்களில் அதற்கு முன் ஒலிம்பிக் அணியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோல்கீப்பர் பிர் பகதூர் சேத்ரி. இன்னொருவர் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், நம்ம ஊர் ஆள். 1950-இல் ஆரணியில் பிறந்து, லயோலாவில் படித்து, மெட்ராஸ் மைதானங்களில் ஆடி வந்தவர். இந்த இருவரும் போன ஒலிம்பிக், 1976 மான்ட்ரியல், அங்கே என்ன அனுபவப்பட்டார்கள்? ஒலிம்பிக்கில் முதல்முறையாக செயற்கைத் தரையில் ஹாக்கி. புல்லிலும் செம்மண்ணிலும் வளர்ந்த நம் பையன்கள் ஆஸ்திரேலியாவிடம் 1–6 என்று தோற்றார்கள். ஹாலந்திடம் 1–3. கடைசியில் ஏழாவது இடம். அதுவரை ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லை. அந்த அவமானத்தைக் கண்ணால் பார்த்த ஒருவர், நான்கு வருஷம் கழித்து, அதே மாதிரி செயற்கைத் தரையில், பதினான்கு புதுப் பையன்களை வைத்துக்கொண்டு முதலிடத்துக்கு வந்திருக்கிறார். அதைத்தான் அந்த மேடையில் பாதி என்றார்கள்.

இறுதி ஆட்டம். முதல் பாதியில் 2–0. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல். இரண்டாம் பாதியில் கௌஷிக் மூன்றாவது. முடிந்தது என்று நினைக்கும்போது ஸ்பெயினின் ஜுவான் அமாட் இரண்டு கோல் திருப்பினார். முகமது ஷாகித் நான்காவது போட்டார். அமாட் மறுபடி ஒன்று. 4–3. கடைசி நிமிடங்கள் முழுக்க ஸ்பெயின் நம் எல்லைக்குள். அந்த நேரத்தில் சோதி என்ன செய்ய முடியும், ஷாகித் என்ன செய்ய முடியும்? அது பின்வரிசையின் நேரம். ஹாஃப் பேக்குகளும் ஃபுல் பேக்குகளும் கோல்கீப்பரும் தாங்க வேண்டிய நேரம். தாங்கினார்கள். அதற்கு ஸ்கோர் போர்டில் இடம் இல்லை. நான்காவது கோல் யார் போட்டது என்று கேட்டால் ஷாகித் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான்காவது கோலை வாங்காமல் காத்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். டுங் டுங், ராஜிந்தர் சிங், ரவீந்தர் பால் சிங் என்று பெயர் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பாஸ்கரன் ஆடியது லெஃப்ட் ஹாஃப். அது என்ன கஷ்டம் என்று கோவில்பட்டித் தம்பிதான் எனக்கு ஒரு நாள் குடையை வைத்துக்கொண்டு விளக்கினார். ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். அதனால் எந்த ஆட்டக்காரருக்கும் வலப்பக்கம் வரும் பந்து சுலபம், இடப்பக்கம் வருவது கஷ்டம். எதிரணியின் ரைட் விங் ஆள் ஓரக்கோட்டை ஒட்டி ஓடி வரும்போது, நம் லெஃப்ட் ஹாஃபுக்கு அவன் இடப்பக்கமாகத்தான் வருவான். ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து, தலைகீழாக, ஒரு கையால் நீட்டித்தான் பறிக்க வேண்டும். இல்லையென்றால் அவனுக்கு முன்னாலேயே காலை நகர்த்தி இடத்தைப் பிடித்து, அவனைத் தன் வலப்பக்கத்துக்கு வரவழைக்க வேண்டும். “ரைட் ஹாஃபுக்கு கை போதும் அண்ணாச்சி, லெஃப்ட் ஹாஃபுக்கு மூளையும் காலும் வேணும்” என்றார். (ரைட் ஹாஃப்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவர் சொன்னதைச் சொல்கிறேன்.) அலுவலகத் தாழ்வாரத்தில் என் குடை அன்று ஒரு கம்பி வளைந்தது.

தமிழ்நாடு ஹாக்கிக்குப் புதிது இல்லை. பல்லாவரம், பரங்கிமலை, பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஸ்டிக் இல்லாத வீடு குறைவு என்று ஒரு காலம் இருந்தது. கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் முனீர் சேட்டும் 1968 மெக்ஸிகோவில் வெண்கலம் வாங்கிய அணியில் இருந்தார்கள். 1975-இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். ஆனால் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டனாக இருந்த தமிழர் என்று சொன்னால் என் நினைவுக்கு வருவது பாஸ்கரன் ஒருவர்தான். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் டில்லி கொடுத்தது. நம் தாம்பரத்து மேடை கொடுத்தது ஒரு சிரிப்பு.

அடுத்து கோச் கதை. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குக் கோச் பாஸ்கரன். அர்ஜென்டினாவை 3–0, ஸ்பெயினை 3–2 என்று ஜெயித்தார்கள். போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவோடு 2–2. கொரியாவிடம் மட்டும் தோல்வி. கடைசி ஆட்டம் போலந்தோடு. ஜெயித்தால் அரையிறுதி. 1–0 என்று முன்னிலை. இன்னும் இரண்டு நிமிஷம்கூட இல்லை. போலந்து ஒரு கோல் போட்டது. 1–1. அரையிறுதிக்குக் கொரியா போனது, போய் வெள்ளிப் பதக்கமும் வாங்கியது. நமக்கு ஏழாவது இடம். மாஸ்கோவில் நம்மை 2–2 என்று நிறுத்திய அதே போலந்து, இருபது வருஷம் கழித்து மறுபடி குறுக்கே வந்தது.

அந்த இரண்டு நிமிஷத்துக்காக பாஸ்கரனைத் திட்டாத வாய் இல்லை. மைதானத்துக்கு வெளியே நிற்கும் மனிதர் போலந்துக்காரனின் ஸ்டிக்கைப் போய்ப் பிடிக்க முடியுமா? 2006 உலகக் கோப்பைக்கும் அவர்தான் கோச். அது மோசமாகப் போனது, பதினோராவது இடம். அதற்கு அவரைக் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் கோச் என்றால் தோல்விக்குப் பெயர் எழுதி வைக்கும் பலகை என்று ஒரு நாடே முடிவு செய்துவிட்டால் எந்த ஆட்டம் உருப்படும்? மாஸ்கோவில் மூன்றாவது கோல் போட்ட கௌஷிக் கதை இன்னும் வேடிக்கை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் கோச்சாக இருந்து தங்கம் வாங்கித் தந்தார். 32 வருஷத்துக்குப் பிறகு வந்த ஆசியத் தங்கம். வந்த கையோடு அவரை மாற்றினார்கள். தோற்றாலும் வீட்டுக்கு, ஜெயித்தாலும் வீட்டுக்கு! அப்புறம் 2009-லிருந்து பத்து வருஷத்துக்குள் பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மாரினே, ஹரேந்திர சிங், ரீட் என்று வரிசையாக ஆட்கள். எங்கள் அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசரை இந்த வேகத்தில் மாற்றியிருந்தால் ஒரு கோப்புகூட நகர்ந்திருக்காது.

வெளிநாட்டிலும் இப்படித்தானா என்று கேட்டால், ஒரு உதாரணம் சொல்கிறேன். என் தங்கை மகன் மான்ட்ரியலில் இருக்கிறான். அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். பனித்தரையில் சறுக்கிக்கொண்டு, பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டைத் தட்டி ஆடுவார்கள். அவன் எனக்குப் பிரெஞ்சில் அதன் வரலாறு ஒன்று அனுப்பினான். மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று. அதில் லெஸ்டர் பாட்ரிக் என்று ஒரு மனிதர். 1883-இல் கியூபெக்கில் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர். தடுப்பவன் பின்னாலேயே நிற்க வேண்டும் என்று இருந்த காலத்தில், பறித்த ரப்பரோடு தானே முன்னேறிப் போன முதல் சிலரில் ஒருவர். 1909-இல் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊர் அவருக்கு ஒரு சீசனுக்கு 3,000 டாலர் சம்பளம் பேசியது. பணம் வாங்கி ஆடுவது கௌரவக் குறைவு என்ற பேச்சு இன்னும் அடங்காத காலம் அது. 1911-இல் அவரும் தம்பி ஃபிராங்கும் சேர்ந்து, வான்கூவரிலும் விக்டோரியாவிலும் இயந்திரத்தால் பனி உறைய வைக்கும் அரங்குகள் கட்டி, சொந்தமாக ஒரு லீக் போட்டியே தொடங்கினார்கள்.

பிறகு அவர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கோச். 1928 ஏப்ரல், ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று, மான்ட்ரியலில். அவருடைய கோல்கீப்பர் லார்ன் ஷாபோவுக்குக் கண்ணில் அடி. மாற்று கோல்கீப்பர் கிடையாது. நாற்பத்து நான்கு வயது கோச், தலை நரைத்தவர், ஷாபோவின் காப்புகளைக் கட்டிக்கொண்டு கோலில் போய் நின்றார். ஒரே கோல்தான் விட்டார். கூடுதல் நேரத்தில் 2–1 என்று ஜெயித்தார்கள். பிறகு கோப்பையும் கிடைத்தது. கனடாவில் பள்ளிப் பிள்ளைக்குக்கூட இந்தக் கதை தெரியும் என்கிறான் என் மருமகன். அங்கே 1954-லிருந்து வருஷா வருஷம் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கென்று தனிப் பரிசு, நாரிஸ் டிராஃபி. 1974-லிருந்து சிறந்த கோச்சுக்கு இன்னொரு பரிசு. தடுப்பவனையும் சொல்லிக்கொடுப்பவனையும் எப்படி ஞாபகம் வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் ஒரே ஒரு மாற்றம் தெரிகிறது. 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது அதிக விலைக்குப் போனவர் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம் ரூபாய். அவர் ஆடுவது தடுப்பு வரிசையில். டிவியில் அந்தச் செய்தி வந்தபோது எனக்குக் கோவில்பட்டித் தம்பி ஞாபகம்தான் வந்தது. ஃபுல் பேக்குக்கு 78 லட்சம் என்றால் அவர் நம்பியிருக்கமாட்டார். அவருக்குக் கிடைத்தது ஒரு கிளார்க் வேலை. அதிலும் டிபார்ட்மென்ட் பரீட்சை தேதியும் டோர்னமென்ட் தேதியும் ஒவ்வொரு வருஷமும் மோதும். அலுவலக அணிக்காகத்தான் ஆடப் போனார், ஆனால் பரீட்சை எழுதாததற்கு அலுவலகம் விலக்கு தரவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த நாங்கள் நாலு பேர் அவரைத் தாண்டி மேலே போனோம். முட்டி போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் கேஜ் ரயில் பிடித்து தாம்பரம் வந்து, ஒரு திறந்தவெளியில் இருபது பையன்களுக்கு ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் கிடையாது. முதல் மூன்று மாதம் யாரையும் கோல் போட விடமாட்டார். பறிக்க மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார். அதனாலேயே பாதிப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டார்கள். அந்த வெளியில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அவரும் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்த ‘பாதிப் பிரமோஷன்’ பேச்சுக்கு நான் அவரிடம் ஒரு நாளும் “நீ சொன்னது சரி தம்பி” என்று சொல்லவில்லை.

மாஸ்கோ அணியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஷாகித் 2016-இல் போனார். 2021 மே 8-ஆம் தேதி கொரோனாவில் கௌஷிக்கும் ரவீந்தர் பால் சிங்கும் ஒரே நாளில் இறந்தார்கள். ஒருவர் டில்லியில், ஒருவர் லக்னோவில். மூன்று மாதம் கழித்து ஆகஸ்ட் 5-இல் டோக்கியோவில் வெண்கலம் வாங்கினோம். 41 வருஷம் கழித்துப் பதக்கம் என்று எல்லா டிவியிலும் சொன்னார்கள். 41 வருஷம் என்று எதிலிருந்து எண்ணினார்கள்? மாஸ்கோவிலிருந்துதானே? எண்ணுவதற்கு மட்டும் அது முழுத் தங்கமாக இருந்தது. 2023-இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி ஆட்டம். 1–3 என்று பின்தங்கியிருந்து மலேசியாவை 4–3 என்று ஜெயித்தோம். மாஸ்கோ ஸ்கோரேதான். பக்கத்து வீட்டு டிவியில் கைதட்டல் கேட்டது.

அந்தப் பிரமுகர் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. அவரும் என்னைப் போல 1980-இல் எங்கோ ஒரு கேன்டீனில் பேப்பர் படித்தவராக இருக்கலாம். அவருக்கு எதிரே ஒரு ஃபுல் பேக் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறுமி சரியான விடை சொல்லிவிட்டு, தப்பு செய்தவள் மாதிரி உட்கார்ந்ததை என்னால் விட முடியவில்லை. பள்ளியின் பெயர் விசாரித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். முறைப்படி, பொருள், பார்வை எல்லாம் போட்டு. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகளை மறுபடி அழைக்க வேண்டும், அந்த விடையைப் பற்றிப் பேச எனக்கு நேரம் தர வேண்டும் என்று. நேற்று போன் செய்தார். “அஞ்சு நிமிஷம் தர்றேன் சார். ஆனா சண்டை வேண்டாம்” என்றார். சரி என்றேன். குறிப்பு எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். 1932-ஐ முடிக்கவே மூன்று நிமிஷம் ஆகிறது. ஹங்கேரியை வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.